இழுவை, இரைச்சல், மூன்று நாள்

2024 டிசம்பர் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு விசாரணைக்கு வந்தது. புதுப்படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு யூடியூபிலும் சமூக வலைதளங்களிலும் யாரும் விமர்சனம் வெளியிடக் கூடாது என்று தடை விதிக்கும்படி திரைப்படத் தயாரிப்பாளர்களின் அமைப்பு ஒன்று கேட்டிருந்தது. நீதிபதி சௌந்தர் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது கருத்துரிமைக்குள் அடங்கும், அதைப் பொத்தாம்பொதுவாக நிறுத்தச் சொல்ல முடியாது என்பது அவர் எடுத்த நிலை.

மனுவுக்குப் பின்னால் ஒரு வருடத்து மனக்கசப்பு இருந்தது. ஜூலை 12இல் வந்த ‘இந்தியன் 2’, அக்டோபர் 10இல் வந்த ‘வேட்டையன்’, நவம்பர் 14இல் வந்த ‘கங்குவா’ ஆகிய மூன்று பெரிய படங்களின் பெயரும் அந்த நவம்பரில் தயாரிப்பாளர் தரப்பு விட்ட அறிக்கையில் இருந்தன. படம் முடிந்து வெளியே வருபவர்களின் முகத்தில் மைக்கை நீட்டும் சேனல்களைத் தியேட்டர் வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள் என்று அந்த அறிக்கை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

2024 நடுப்பகுதி முதல் 2025 முடிய வந்த தமிழ்ப் படங்களில் பேச்சுக்கு உள்ளான சிலவற்றை எடுத்துக்கொண்டு, முதல் மூன்று நாள் கருத்துகளையும் அதற்குப் பிந்தியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று நாள் பேச்சில் பெரும்பகுதி இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று இழுவை, இன்று அதை ‘லேக்’ என்கிறார்கள். மற்றொன்று இரைச்சல். கடிகாரமும் காதும் சொல்லும் புகார்கள் இவை, பெரும்பாலும் சரியான புகார்கள்தாம். ஆனால் படம் என்ன சொல்கிறது, யார் பக்கம் நிற்கிறது, எந்தக் காட்சி ஏன் நெஞ்சில் தங்குகிறது என்ற பேச்சு தாமதமாகத்தான் வந்தது. பல சமயம் சினிமா விமர்சகர்களிடமிருந்தே வரவில்லை. தடை கேட்டவர்களும் தடையை எதிர்த்தவர்களும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் விமர்சனம் என்று இருவருமே நம்புகிறார்கள்.

நம் மொழியில் விமர்சனம் இப்படித் தொடங்கவில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் பாட்டு, நாடகம், சினிமா மூன்றையும் விமர்சித்தார். 1935இல் கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து எடுத்த ‘பக்த நந்தனார்’ அவர் கையில் கடுமையாக அடிபட்டது. அன்றைக்கு லட்ச ரூபாய் என்ற செய்தியே ஊரை வாய் பிளக்க வைத்திருந்தது. விளம்பரத்தின் வெளிச்சத்தில் கண் கூசாமல், திரையில் இருந்ததை மட்டும் பார்த்து எழுதினார் அவர். அதே கல்கி பிறகு ‘தியாகபூமி’க்குக் கதை தந்தார், ‘மீரா’வுக்கு எழுதினார். விமர்சகன் சினிமாவின் எதிரி என்ற எண்ணம் அப்போது இல்லை.

மகேந்திரனின் கதை இன்னும் நெருக்கமானது. 1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்தபோது, அவரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் பொய்களைப் பேசிய மாணவர் அவர். கோபப்பட வேண்டிய நடிகர் அந்தப் பேச்சைப் பாராட்டி, நல்ல விமர்சகராக வரத் தகுதி உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தார். பின்னாளில் ‘துக்ளக்’ இதழில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்ற தலைப்பில் மகேந்திரன் எழுதிய விமர்சனங்களைத் திரையுலகம் பயத்தோடு படித்தது. குறை சொன்ன அதே மனிதர் 1978இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தார். வசனம் போதவில்லை என்று படத்தைத் தயாரித்தவரே வருந்திய படம் அது. முதல் சில வாரங்கள் தியேட்டரில் கூட்டமில்லை. பிறகு பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே படம் எழுந்து நின்றது. மூன்றாம் நாள் மாலையில் தீர்ப்பு எழுதும் வழக்கம் அன்று இருந்திருந்தால் ரஜினிகாந்தின் காளி என்ன ஆகியிருப்பான் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

விகடனின் மதிப்பெண் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ‘16 வயதினிலே’ பெற்ற 62.5தான் பல பத்தாண்டுகளாக எல்லாரும் சுட்டிக்காட்டும் உச்சம். நூற்றுக்கு அறுபது வாங்குவதே பெருமை என்று இயக்குநர்களை எண்ண வைத்த கறார் அது. இன்று ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் வாங்கிய படம் தன் போஸ்டரில் அதைப் பெரிதாக அச்சடித்துக்கொள்கிறது. மதிப்பெண்ணைச் சுற்றி அன்றும் சண்டை இருந்தது. ஆனால் வார இதழ் விமர்சனம் வருவதற்குள் படம் ஒரு வாரம் ஓடியிருக்கும், எழுதியவரும் ஒரு வாரம் அதை மனதில் ஓட்டியிருப்பார்.

அந்த ஒரு வாரம் எங்கே போயிற்று என்பதைத் தியேட்டர் வாசலில் நின்று பார்த்தால் புரியும். 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. அன்றைய அதிகாலைக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஒரு ரசிகர் உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது. பெரிய படங்களுக்குச் சிறப்புக் காட்சி கிடைத்தாலும் காலை ஒன்பது மணிக்குத்தான். ஓர் உயிரின் விலையில் வந்த கட்டுப்பாடு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்டை மாநிலங்களில் விடிகாலையிலேயே படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இங்கே ரசிகன் சீட்டில் உட்காரும் முன்பே பெங்களூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ‘முதல் பாதி மாஸ், இரண்டாம் பாதி லேக்’ என்று செய்தி வந்து சேர்கிறது. இடைவேளையில் பாதிப் படத்துக்கு ஒரு விமர்சனம், படம் முடிந்ததும் வாசலில் ‘பப்ளிக் ரிவ்யூ’, மதியத்துக்குள் பத்து நிமிட வீடியோ. முந்திக்கொண்டவருக்கே பார்வையாளர் எண்ணிக்கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. படத்துக்குச் சரிப்படாது, கடைசிக் காட்சி முதல் காட்சியின் பொருளையே மாற்றிவிடக் கூடும்.

தயாரிப்பாளர்களின் பதற்றத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். நூறு நாள் ஓட்டம் என்ற பேச்சே போய்விட்டது. நான்கு வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடும் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் போட்ட பணத்தின் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டிய நெருக்கடி. மனுவில் கேட்ட மூன்று நாள் என்ற கணக்கு வந்தது இந்த வார இறுதியிலிருந்துதான்.

இனி படங்களுக்கு வருவோம். ‘கங்குவா’ விஷயத்தில் விமர்சகர்கள் மேல் விழுந்த கோபத்துக்கு நியாயம் குறைவு. படம் காதைப் பிளக்கிறது என்று முதல் நாளே எழுதினார்கள். ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியே அந்தப் புகாரை ஆமோதித்தார். ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். படத்திலிருந்து ஏறக்குறைய 12 நிமிடம் வெட்டப்பட்டது. நவம்பர் 17 அன்று நடிகை ஜோதிகா சமூக வலைதளத்தில் படத்துக்காகப் பேசினார். முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, ஒலி அதிகம் என்பதை அவரே ஒத்துக்கொண்டார். பெண்களைத் துரத்தும் நாயகர்களையும் இரட்டை அர்த்த வசனங்களையும் கொண்ட பெரிய படங்களுக்கு இந்த அளவு கடுமை காட்டினீர்களா என்பது அவர் கேட்ட கேள்வி. அதற்கு எந்த விமர்சகரும் நேராகப் பதில் சொன்னதாக நான் பார்க்கவில்லை. கேட்டவர் படத்தின் நாயகனுடைய மனைவி என்பதைச் சுட்டிக்காட்டி நகர்ந்துவிட்டார்கள். கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. வெளியீட்டுக்கு முன்பு இரண்டாயிரம் கோடி வசூல் என்று பேசி எதிர்பார்ப்பை ஏற்றியது யார் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

‘தங்கலான்’ மீதும் ஒலி பற்றிய புகார் வந்தது. பேச்சு புரியவில்லை என்றார்கள். 1850களின் வட ஆற்காட்டு உழவர்கள் பேசும் தமிழ் நமக்குப் பழக்கமில்லாதது. அது ஒரு காரணம். இசை வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துச் சொன்னவர்கள் குறைவு. கோலார் தங்க வயலைத் தோண்டியவர்களின் வரலாற்றை மாயக்கதையாகச் சொன்னது சரியா, அந்த மாயம் வரலாற்றின் கூர்மையை மழுக்குகிறதா என்ற கேள்விக்குள் போனவர்கள் அதைவிடக் குறைவு.

இழுவை என்ற சொல்லால் மிகவும் காயப்பட்ட படம் ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பர் 27இல் 177 நிமிடப் படமாக வந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் ஊரைவிட்டுப் போன அருள்மொழி, இருபத்திரண்டு வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் என்ன, என்ன உறவு என்று அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் ஓர் இரவுப் பேச்சு. நீளம் என்ற புகார் குவிந்ததும் சில நாள்களுக்குள் ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டினார்கள். அடுத்த மாதம் ஓடிடிக்கு வந்தபோது, பார்த்தவர்கள் தங்கள் ஊரையும் விட்டுவந்த வீட்டையும் நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார்கள். தமிழ் தெரியாதவர்களும் எழுதினார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் எனக்குள்ள வருத்தத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். கிராமத்து உபசரிப்பில் நேரம் என்பதுதான் பண்டம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இருந்துவிட்டுப் போகலாம், கடைசி பஸ் போனால் போகட்டும் என்று விருந்தாளியின் நேரத்தைப் பிடித்து வைப்பதுதான் அந்த மண்ணின் அன்பு. அருள்மொழிக்கு அந்த நெருக்கம் முதலில் தொந்தரவு, பிறகு பழக்கம், விடியும்போது தாங்க முடியாத பாரம். பார்ப்பவனும் அதே மூன்று கட்டங்களையும் கடக்க வேண்டும் என்றுதான் இயக்குநர் பிரேம்குமார் நேரத்தைக் கூட்டினார். மணமேடையில் தங்கையின் கையிலும் காலிலும் தான் கொண்டுவந்த நகைகளை அருள்மொழி ஒவ்வொன்றாகப் போட்டுவிடும் காட்சியை எவரும் இழுவை என்று சொல்லவில்லை. அதே பொறுமைதான் இரவுப் பேச்சிலும் இருக்கிறது. சில இடங்களில் பேச்சு படத்தின் கையை மீறிப் போகிறது என்பது உண்மை. மாமன்னர்களின் வீரத்தைப் பேசும் பகுதிகளில் அந்த இரண்டு மனிதர்கள் கரைந்துபோய்ப் பிரசங்கம் மட்டும் மிஞ்சுகிறது. எந்தப் பேச்சு படத்துக்கு உயிர், எது சுமை என்று பிரித்துக் காட்டியிருந்தால் இயக்குநருக்கும் உதவியிருக்கும், நமக்கும் உதவியிருக்கும். ‘லேக்’ என்ற ஒற்றைச் சொல்லால் அதைச் செய்ய முடியாது.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதியைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒன்றாக வந்தன. வினோத்ராஜ் முன்பு எடுத்த ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. ‘கொட்டுக்காளி’யும் பெர்லின் விழாவில் காட்டப்பட்ட பிறகே இங்கு வந்தது. பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லி, முறைமாமன் பாண்டியும் குடும்பமும் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். படம் முழுக்க அவள் வாய் திறப்பது ஓர் இடத்தில்தான். பலி கொடுக்கக் கட்டிவைத்த சேவலும் கூடவே பயணம் செய்கிறது.

நான் பார்த்த காட்சியில் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. முடிவு வந்தபோது ‘அவ்வளவுதானா?’ என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் குறை சொல்லவில்லை. பாண்டியாக நடித்த சூரியின் பெயரையும் சிவகார்த்திகேயன் தயாரிப்பு என்பதையும் நம்பி வந்தவர் அவர். அவரிடம் இது வேறு மாதிரிப் படம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விழாப் படத்தை வணிகக் கூட்டத்தின் முன் நிறுத்தியது சரியா என்ற விவாதம் திரையுலகத்துக்குள்ளேயே நடந்தது. முதல் நாள் விமர்சனங்களில் பாராட்டியவர்களும் ‘எல்லோருக்குமான படம் அல்ல’ என்ற வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வரியை விமர்சகர்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் எட்டாததை எட்டும்படி செய்யத்தானே இடையில் ஒருவர் எழுதுகிறார்? வழியில் ஒரு மாடு சாலையை மறித்து நிற்கிறது. இத்தனை ஆண்கள் இருந்தும் கிட்டப் போகத் தயங்குகிறார்கள். ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். இதைச் சொல்லி, இனி மீனாவின் மௌனத்தைப் பாருங்கள் என்று சொன்னால் போதும், எழுந்து போன மனிதருக்கும் படத்தின் கதவு திறந்துவிடும். பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்று அவரே கண்டுபிடிப்பார்.

‘வாழை’க்கு இந்தச் சிக்கல் வரவில்லை. வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனைந்தனின் பசி யாருக்கும் விளக்கம் தேவைப்படாத மொழி. லாரி கவிழ்ந்து கூலித் தொழிலாளர்கள் இறந்துபோகும் முடிவில் அரங்கம் அழுதது. அழுகையே மதிப்பீடாக மாறியதும் வேறு கேள்விகள் அமுங்கின. டீச்சர் மீதான சிறுவனின் மயக்கத்துக்குக் கொடுத்த இடம் கூடுதலா, முடிவில் துயரம் நம்மைப் பிடித்து உலுக்குகிறதா அல்லது தானாக வந்து சேர்கிறதா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். பிறகு எழுத்தாளர் சோ.தர்மன் தன்னுடைய ‘வாழையடி’ கதையோடு படம் பல இடங்களில் ஒத்துப்போகிறது என்றார். மாரி செல்வராஜ் அந்தக் கதையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று பதில் சொன்னார். ஒரே ஆற்றங்கரை வாழ்க்கை இருவருக்கும் இரண்டு வேறு கலைகளில் எப்படி உருவெடுத்தது என்று ஒப்பிட்டு எழுத அரிய வாய்ப்பு அது. சினிமாப் பக்கங்கள் அதைத் திருட்டா இல்லையா என்ற வழக்காக மட்டுமே பார்த்தன.

அரசியல் என்று வந்தால் விமர்சகர்களின் கை இன்னும் நடுங்குகிறது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் பெற்ற பாராட்டில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விதவையின் துயரத்தைச் சாய் பல்லவி அடக்கி வைத்து நடித்த விதம் பல வருடங்களுக்குப் பேசப்படும். ஆனால் காஷ்மீர் மக்களைப் படம் எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் அரசியல் இயக்கத்தினர். முகுந்தின் சாதி அடையாளம் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் வேறொரு தரப்பினர். அவரை இந்தியராகவும் தமிழராகவும் காட்டவே குடும்பம் விரும்பியது என்று இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி பதில் சொன்னார். இரண்டு விவாதங்களும் தெருவிலும் மேடையிலும் நடந்தன. விமர்சனங்களில் ‘சில விமர்சனங்கள் இருந்தாலும்’ என்று ஒரு வாக்கியம் வந்து போனது. ‘வேட்டையன்’ என்கவுன்டருக்கு எதிராகப் பேசுகிறது, ஆனால் துப்பாக்கியோடு நடந்துவரும் நாயகனைக் கொண்டாடவும் செய்கிறது. இந்த முரணைச் சிலர் நன்றாகவே பிடித்தார்கள். இயக்குநர் ஞானவேல் எடுத்துக்கொண்ட பொருளும் ரஜினிகாந்தின் நட்சத்திர உருவமும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது அந்த ஆண்டின் நல்ல அவதானிப்புகளில் ஒன்று.

2025 அக்டோபர் 17இல் ‘பைசன் காளமாடன்’ வந்தது. மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையை ஒட்டிய படம். திரும்பத் திரும்பச் சாதியைப் பற்றியே ஏன் எடுக்கிறீர்கள் என்று மாரி செல்வராஜிடம் மீண்டும் கேட்டார்கள். காதல் படமே எடுக்கிறவரிடம் ஏன் காதலையே எடுக்கிறீர்கள் என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்வி விமர்சனமே அல்ல. பசுபதி நடித்த தந்தை, மகன் விளையாடப் போவதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்பதைப் படம் நம்ப வைக்கிறதா, வன்முறையின் அளவு அந்தப் பயத்தைக் கூட்டுகிறதா, மரத்துப்போகச் செய்கிறதா என்று கேட்டால் அது விமர்சனம். ‘லப்பர் பந்து’வைப் பற்றி எழுதியவர்கள் இதைச் செய்தார்கள் என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். கிரிக்கெட் அணிக்குள் சாதி எப்படி ஆள் எடுக்கிறது, யசோதை தன் கணவனோடு பேசாமல் எப்படிச் சண்டை போடுகிறாள் என்று காட்சி காட்சியாக எழுதினார்கள். பெரிய நட்சத்திரம் இல்லாத அந்தப் படம் வாய்மொழியில் வளர்ந்ததற்கு அந்த எழுத்தும் துணை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே 1இல் வந்து எல்லோரையும் நெகிழ வைத்தது. இலங்கையிலிருந்து படகில் தப்பிவந்த குடும்பம் சென்னைக் குடியிருப்பு ஒன்றின் இறுகிய மனங்களை இளக்குகிறது. முதல் படத்திலேயே அபிஷன் ஜீவிந்துக்குக் கைகூடிய நகைச்சுவை அழகானது. ஆனால் தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாகப் பதிவும் கையெழுத்துமாக வாழும் ஈழத்தமிழருக்கு இந்த இனிப்பு எப்படி இருக்கும்? அவர்களில் சிலர் அதைப் பற்றிப் பேசினார்கள். நம் விமர்சனங்கள் அவர்களிடம் காது கொடுத்திருக்கலாம்.

பெண்கள் விஷயத்தில் நிலைமை மெல்ல மாறுகிறது. ‘மகாராஜா’ 2024 ஜூன் 14இல் வந்தபோது, முன்பின்னாக அடுக்கிய திரைக்கதையை எல்லோரும் மெச்சினார்கள். நியாயமான பாராட்டு. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்கான புதிராக மறைத்து வைப்பது சரியா என்று முதலில் அழுத்திக் கேட்டவர்கள் பெண்களே. அந்தக் கேள்வியை நான் முழுமையாக ஏற்கிறேன். துயரத்தைப் புதிராக்கும்போது பார்ப்பவன் துயரப்படுவதற்கு முன் வியந்துவிடுகிறான். ‘பேட் கேர்ள்’ படத்துக்கு நடந்தது வேறு வகை. 2025 ஜனவரியில் டீசர் வந்தவுடன் படமே பார்க்காமல் தீர்ப்புகள் குவிந்தன, வழக்குகள் வந்தன. படம் ராட்டர்டாமில் நெட்பேக் விருது பெற்றது. செப்டம்பர் 5இல் திரைக்கு வந்தபோது அதில் இருந்தது ஒரு பெண் தன் தாயையும் பாட்டியையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் கதை. டீசரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அந்தத் தாயைப் பற்றிப் பேசத் திரும்பி வந்தார்கள்? படம் வந்த அதே வாரத்தில், இனித் தயாரிப்பில் ஈடுபடப் போவதில்லை என்று அதைத் தயாரித்த வெற்றிமாறன் அறிவித்தார். முதல் மூன்று நாள் விமர்சனத்தைவிட முதல் காட்சிக்கு ஏழு மாதம் முன்பே வரும் தண்டனைதான் சினிமாவுக்குப் பெரிய ஆபத்து. அதற்குத் தடை கேட்டு எந்தச் சங்கமும் நீதிமன்றம் போகவில்லை.

காசு பற்றிய பேச்சைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது. ‘பேய்டு ரிவ்யூ’ என்ற சொல் இன்று இரண்டு பக்கமும் பறக்கிறது. பாராட்டினால் காசு வாங்கினார், திட்டினால் எதிர் நடிகரின் ஆள். பல வருடங்களுக்கு முன் நான் போன ஒரு பத்திரிகையாளர் காட்சியில் வாசலில் கவர் நீட்டப்பட்டது. வாங்காமல் வந்தவர்களும் இருந்தார்கள், வாங்கியவர்களும் இருந்தார்கள். இதற்குத் தீர்வு தடை அல்ல, வெளிப்படைத்தன்மை. விளம்பரத்துக்குப் பணம் பெற்ற சேனல் அதே படத்தை விமர்சித்தால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கேரளத்தில் இதே பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் 48 மணி நேரக் காத்திருப்பைப் பரிந்துரைத்தார். மணிக்கணக்கைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ நேர்மை வராது என்பது என் எண்ணம்.

தமிழ்த் திரையுலகம் மறக்கக் கூடாத ஒரு தீர்ப்பு இருக்கிறது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அதன் தயாரிப்பாளர் ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் நின்றது. மற்றவர்களுக்குப் பிடிக்காத கருத்து என்பதாலோ, போராட்டம் வெடிக்கும் என்ற மிரட்டலாலோ பேச்சை அடக்க முடியாது என்றது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இன்றுவரை தணிக்கையோடு மோதும் ஒவ்வொரு தமிழ்ப் படமும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஒதுங்குகிறது. உனக்குப் பிடிக்காததையும் பேசவிடு என்று அரசிடம் கேட்கும் கலை, அதையே ரசிகனுக்கு மறுக்க முடியாது.

அந்த உரிமை எழுதுபவர் மேல் ஒரு கடமையையும் வைக்கிறது. முழுப் படத்தையும் பாருங்கள். இடைவேளையில் கைபேசியைத் திறக்காதீர்கள். ‘லேக்’ என்று எழுதத் தோன்றும்போது எந்தக் காட்சியில், எந்த நிமிடத்தில், ஏன் என்று எழுதுங்கள். படம் ஓடிடிக்கு வந்த பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்து, முதலில் சொன்னது தவறென்றால் அதையும் எழுதுங்கள். வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பார். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் சொல்லாமல், உங்கள் மனதில் நின்ற ஒரே ஒரு காட்சியை அவருக்கு முழுதாகச் சொல்லுங்கள்.